தண்டவாளத்தைக் கழற்றிய பாதையில் சைக்கிள்: நீலகிரியில் இது நடக்குமா?

சீசன் தொடங்கினால் ஒரு வீடியோ சுற்றுக்கு வந்துவிடும். வயல்களுக்கு நடுவே ஏற்ற இறக்கமே தெரியாத மண்பாதை, பழைய இரும்புப் பாலம், இருட்டான ஒரு குகை, அவசரமில்லாமல் போகும் சைக்கிள்கள். கூடவே ஒரு வரி: “இதுதான் ரயில் ட்ரெயில். நம்ம ஊட்டியில் ஏன் இல்லை?” பார்ப்பவர்களில் பாதிப் பேர் ‘ட்ரெயில்’ என்பதை ‘ட்ரெயின்’ என்று படித்துவிட்டு, மலை ரயிலில் சைக்கிளை ஏற்ற விடுவார்களா என்று விசாரிக்கிறார்கள். மீதிப் பேர், தண்டவாளத்தின் ஓரமாகவே ஓட்டிக்கொண்டு போகலாமே என்கிறார்கள். வீடியோவில் இருப்பது இவை இரண்டுமே இல்லை. குழப்பம் பெயரிலேயே தொடங்குவதால் முதலில் பெயரைப் பிரித்துக்கொள்வோம்.

பெயர் ஒன்று, பொருள் மூன்று

1. ரயில்தடப் பாதை. ரயில் நின்றுபோன தடத்தில் தண்டவாளத்தையும் சிலீப்பர் கட்டைகளையும் எடுத்துவிட்டு, கீழே இருக்கும் ஜல்லிமேட்டின் மேல் பொடி ஜல்லியை உருட்டிக் கெட்டிப்படுத்திய பாதை. நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், சில இடங்களில் குதிரையும் போகும். மோட்டார் வண்டிக்கு அனுமதி கிடையாது. வீடியோவில் இருப்பது இதுதான்.

2. ரயிலோரப் பாதை. ரயில் ஓடிக்கொண்டே இருக்கும். அதே ரயில்வே நிலத்தில், நடுவே இடைவெளியும் வேலியும் விட்டு, தனியாக ஒரு பாதை போடுவார்கள்.

3. ரயிலில் சைக்கிள். ஏறும்போது சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு போய், இறங்கும்போது சாலையில் ஓட்டி வருவது. இதற்குப் புதுப் பாதையே தேவையில்லை.

முதல் வகைக்குச் செத்த ரயில் வேண்டும், இரண்டாவதற்கு அகலமான நிலம் வேண்டும். நீலகிரியில் இவற்றில் எது இருக்கிறது என்பதைக் கடைசியில் பார்க்கலாம். அதற்கு முன், ஒரு ரயில் நின்றுபோகும்போது எதை விட்டுவிட்டுப் போகிறது என்று தெரிய வேண்டும்.

ரயில் விட்டுச் செல்லும் மூன்று பொருள்

நியூசிலாந்தின் ஒடாகோ மத்திய ரயில்தடப் பாதை நல்ல உதாரணம். ஆட்டுப்பண்ணைகள் நிறைந்த வறண்ட உள்நாட்டுப் பகுதி அது. கம்பளியும் பழமும் ஏற்றிய ரயிலின் இடத்தை லாரி பிடித்துக்கொண்டது. மிடில்மார்ச்சிலிருந்து கிளைடு வரையிலான பகுதியில் 1990-ல் ரயில் நின்றது. தடத்தை நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறை எடுத்துக்கொண்டது. 2000-ல் முழுப் பாதையும் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 150 கி.மீ. அதே ரயில் பாதையின் இன்னொரு பகுதி, டையரி ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியாகப் போவது, சுற்றுலா ரயிலுக்காகக் காப்பாற்றப்பட்டது. ஆக ஒரே பாதையில் ஒரு துண்டு ரயிலாகவே பிழைத்தது, ஒரு துண்டு சைக்கிளுக்குப் போனது.

அமெரிக்காவில் மிசௌரி ஆற்றை ஒட்டிச் சோள வயல்களும் சிற்றூர்களுமாகப் போகும் கேட்டி பாதை இன்னும் நீளம், சுமார் 385 கி.மீ. அங்கே 1986-ல் ரயில் நின்றது, 1990-ல் முதல் துண்டு திறந்தது.

இவற்றில் ரயில் விட்டுப்போன சொத்து மூன்று. ஒன்று, அறுபடாமல் ஓடும் நிலக்கீற்று. இன்றைக்கு 150 கி.மீ. நீளத்துக்கு ஒரு கீற்று நிலத்தைப் புதிதாக வாங்கப் போனால் எத்தனை பட்டா, எத்தனை வழக்கு என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு, பாலங்களும் குகைகளும். சரக்கு ரயிலைத் தாங்கிய பாலத்துக்குச் சைக்கிள் ஒரு பொருட்டே இல்லை. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. ஆனால் வீடியோவில் எல்லோரும் சிரித்துக்கொண்டே ஓட்டுவதற்குக் காரணம் அதுதான்: சரிவு.

சரிவின் கணக்கு

இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு. செங்குத்தாக ஏறச் சொன்னால் சக்கரம் வழுக்கிச் சுழலும். அதனால் ரயில் பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தை நிரப்பினார்கள், குன்றைச் சுற்றி வளைத்தார்கள். ஒடாகோ பாதையில் எந்த இடத்திலும் சரிவு 50-க்கு 1-ஐத் தாண்டாது. அதாவது 50 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம், நூற்றுக்கு 2.

இதைக் காலில் எப்படி உணர்வோம்? 70 கிலோ ஆள், பையோடு சேர்த்து 15 கிலோ சைக்கிள், மொத்தம் 85 கிலோ. மணிக்கு 10 கி.மீ. வேகம், பொடி ஜல்லிப் பாதை. உராய்வையும் சேர்த்தால் தோராயமாக இவ்வளவு திறன் வேண்டும்:

- 50-க்கு 1 சரிவில் சுமார் 70 வாட்
- 25-க்கு 1 சரிவில் சுமார் 115 வாட்
- 12-க்கு 1 சரிவில் 215 வாட்டுக்கு மேல்

பயிற்சி இல்லாத, ஆரோக்கியமான ஒருவரால் ஒரு மணி நேரம் தொடர்ந்து தர முடிவது 100 வாட் சுற்றுவட்டாரம்தான். முதல் வரியில் இருப்பவர் பாட்டுப் பாடிக்கொண்டு போவார். இரண்டாவது வரியில் பேச்சு நிற்கும். மூன்றாவதில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்.

நீலகிரிப் பாதையில் அதே கணக்கு

நீலகிரி மலை ரயில் 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் வந்தது. நீளம் 46 கி.மீ., மீட்டர் கேஜ், 16 குகைகள், சுமார் 250 பாலங்கள். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர். ஊட்டி 2,203 மீட்டர்.

இந்தப் பாதையை ஒன்றாகப் பார்ப்பதுதான் பெரிய தவறு. உண்மையில் இது இரண்டு பாதை.

கல்லாறிலிருந்து குன்னூர் வரை சுமார் 20 கி.மீ. தூரத்தில் ஏறக்குறைய 1,300 மீட்டர் ஏற வேண்டும். அதிகபட்சச் சரிவு 12-க்கு 1. வெறும் சக்கரத்தால் முடியாது என்பதால், இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரட்டை இரும்புப் பட்டை ஓடுகிறது. ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் அடுத்த பட்டையின் பள்ளம் வரும்படி தள்ளிப் பொருத்தியிருப்பதால், என்ஜினின் பல்சக்கரத்துக்கு எந்த நொடியிலும் ஒரு பிடி இருந்துகொண்டே இருக்கும். ஆப்ட் முறை என்பது இதுதான். நீராவி என்ஜின் முன்னால் இழுப்பதில்லை, பின்னால் நின்று மேல்நோக்கித் தள்ளுகிறது. வேகம் மணிக்குச் சுமார் 13 கி.மீ.

குன்னூரைத் தாண்டியதும் பல்பட்டை முடிந்துவிடும். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஊட்டி வரை டீசல் என்ஜின் சாதாரணத் தண்டவாளத்திலேயே போகிறது. இங்கே அதிகபட்சச் சரிவு 25-க்கு 1. சராசரி எடுத்தால் நூற்றுக்கு 3-ஐ எட்டாது.

நாளைக்கே ரயிலை நிறுத்தி ரயில்தடப் பாதை போட்டாலும் (யாரும் அப்படிச் சொல்லவில்லை, ஒரு பேச்சுக்கு) கல்லாறு – குன்னூர் துண்டு வீடியோவில் பார்ப்பது மாதிரி இருக்காது. ரயில்தடம் என்றாலே சமம் என்ற எண்ணம் பல்சக்கர ரயிலுக்குப் பொருந்தாது. இறங்குவதும் சுலபமில்லை. அதே 85 கிலோ, 12-க்கு 1 சரிவில் 20 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் இறங்கினால், பிரேக் ஒவ்வொரு நொடியும் 300 வாட்டுக்கு மேல் வெப்பத்தை வாங்கிக்கொண்டிருக்கும். வீட்டு இஸ்திரிப் பெட்டி வாங்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு. அந்தச் சூடு போகும் இடம் சக்கர விளிம்பு, இல்லாவிட்டால் கையகல டிஸ்க்.

குன்னூர் – ஊட்டி துண்டு வேறு. சரிவைப் பொறுத்தவரை அது சைக்கிளுக்கு ஏற்றதுதான். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, கீழிருந்து வந்த அன்றைக்கே ஓட்டினால் மூச்சு வாங்கும். கேத்திப் பள்ளத்தாக்கின் காய்கறித் தோட்டங்களும் இந்தத் துண்டில்தான். ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஓரத்தில் இடம் இருக்கிறதா?

சரி, ரயில் ஓடட்டும், ஓரமாகப் போகலாமே? இரண்டாவது வகையைத்தான் கேட்கிறார்கள். சமவெளியில் ரயில்வே நிலம் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் தாராளமாக இருக்கும். மலையில் அப்படி இல்லை. ஒரு பக்கம் வெட்டிய பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவே ஒரு ரயில் போகிற அளவுக்கு மட்டும் செதுக்கிய திட்டு. குகைக்குள் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஆள் ஒட்டி நிற்கவே இடம் தேட வேண்டும்.

அனுமதியில்லாமல் ரயில்வே நிலத்தில் நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம். தண்டவாளத்தில் நின்று படம் எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இந்த ரயிலைச் சேர்த்தது, இன்றும் ஓடுகிற மலை ரயில் என்ற தகுதியால். அதனால் பாறையை இன்னும் வெட்டி அகலப்படுத்துவோம் என்ற யோசனையும் எடுபடாது.

அப்புறம் மழை. 2009 நவம்பரில் பெய்த மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், மலை ரயிலும் மாதக்கணக்கில் நின்றது. வடகிழக்குப் பருவமழையில் குன்னூருக்குக் கீழே பாறை விழுந்து ரயில் ரத்தாவது ஆண்டுதோறும் கேள்விப்படுகிற செய்தி. அந்தத் தடம் திரும்பத் திரும்பச் சரியாவதற்குக் காரணம், கேங்மேன்கள் காலால் நடந்து, ஓரக் கால்வாயில் அடைத்த மண்ணை அள்ளிக்கொண்டே இருப்பதுதான். ரயில் போய்விட்டால் அவர்களும் போய்விடுவார்கள். கால்வாயை யார் அள்ளுவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாத மலைப்பாதை நாலு மழைக்குத் தாங்காது என்பது என் கணிப்பு.

நிலம் யாருக்குச் சொந்தம்?

வெளிநாட்டு ரயில்தடப் பாதைகள் பற்றிய வழக்குகளில் பெரும்பாலானவை சரிவைப் பற்றியோ ஜல்லியைப் பற்றியோ அல்ல, இந்த ஒரு கேள்வியைப் பற்றியவை.

அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டில் பல ரயில் கம்பெனிகள் நிலத்தை முழுசாக வாங்கவில்லை. ‘இந்த வழியாக ரயில் விட்டுக்கொள்ளலாம்’ என்ற வழியுரிமையை மட்டும் பெற்றன. ரயில் நின்றால் அந்த உரிமை தீர்ந்து, நிலம் பக்கத்துப் பண்ணைக்காரருக்குத் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பினால் தடம் நூறு துண்டாகிவிடும், மறுபடி ரயில் விட நினைத்தாலும் முடியாது. இதைத் தடுக்க 1983-ல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. நின்றுபோன தடத்தை ‘கைவிடப்பட்டது’ என்று கணக்கிடாமல், வருங்கால ரயிலுக்காகச் சேமிப்பில் வைத்து, அதுவரை பாதையாகப் பயன்படுத்தலாம் என்றது அது. இதைத் தடச் சேமிப்பு என்று சொல்லலாம். கேட்டி பாதை பிழைத்தது இந்த வழியில்தான்.

பண்ணைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ‘எங்கள் நிலத்தில் ரயிலுக்குத்தான் இடம் கொடுத்தோம், சைக்கிளுக்கு இல்லை’ என்றார்கள். 1990-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஆனால் நிலத்துக்காரருக்கு இழப்பீடு தர வேண்டியிருக்கலாம் என்றும் சொன்னது. 2014-ல் வயோமிங் மாநில வழக்கு ஒன்றில், சேமிப்பில் வைக்காமல் கைவிட்ட தடத்தின் உரிமை நிலத்துக்காரருக்கே என்று தீர்ப்பு வந்தது.

இந்தியாவில் கதை வேறு. ரயில்வே நிலம் அரசின் சொந்த நிலம், திரும்பக் கேட்க யாரும் இல்லை. ரயில்தடப் பாதைக்கு இது வசதி என்று தோன்றும். ஆனால் சொந்த நிலம் என்பதாலேயே ரயில்வே அதை விடாது. மதுரை – போடிநாயக்கனூர் பாதையைப் பாருங்கள். 2010 கடைசியில் மீட்டர் கேஜ் ரயில் நின்றது. அகலப் பாதையாக மாறி 2022-ல் தேனிக்கும் 2023-ல் போடிக்கும் ரயில் வந்தது. நடுவே பன்னிரண்டு வருஷம். அந்தக் காலத்தில் யாராவது ‘இது செத்த பாதை’ என்று சைக்கிளுக்குக் கேட்டிருந்தால், போடிக்காரர்களே எதிர்த்திருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது ரயில்.

ஆனால் தடச் சேமிப்பு மாதிரி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால், வேலை நடக்காத துண்டுகளை அந்த வருஷங்களில் பாதையாகத் திறந்துவைத்து, ரயில் வேலை தொடங்கியதும் மூடியிருக்கலாம். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு வழி இல்லை. நம் ஊரில் ரயில்தடப் பாதை இல்லாததற்கு ஆர்வமின்மையைவிட இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

பழனி மலையில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, கொடைக்கானலுக்கு ரயில் ஏறியதே கிடையாது. கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன் அடிவாரத்தோடு நின்றுவிட்டது. பக்கத்து மூணாறு மலையில் உண்மையிலேயே ஒரு செத்த ரயில் இருக்கிறது. 1902-ல் மாடு இழுத்த ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-ல் குறுகிய பாதையாக மாறி, மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை ஏற்றிய குண்டளை ரயில் அது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் போடிப் பக்கம் இறங்கின. 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது, திரும்பப் போடவில்லை. நூறு வருஷம் ஆகிவிட்டதால் மேலே சொன்ன மூன்று சொத்தில் முழுசாக எதுவும் மிஞ்சவில்லை.

தோட்டத்துக்காரர் பக்கத்திலிருந்து

ஒடாகோ பாதையில் பண்ணை வேலி குறுக்கே வரும் இடங்களில் கேட் இருக்கும். மூடியிருந்தால் மூடிவிட்டுப் போ, திறந்திருந்தால் திறந்தபடியே விடு என்பது அங்கே வழக்கம். ஒருவர் மறந்தால் ஒரு மந்தை ஆடு பக்கத்துப் பண்ணைக்குப் போய்விடும். பாதை வந்த பிறகு சிற்றூர்களில் விடுதியும் காபிக் கடையும் பிழைத்தன என்பது உண்மை. ஆனால் கேட்டை மூடும் கவலை பண்ணைக்காரருக்கு, காசு பெரும்பாலும் ஊருக்குள் கடை வைத்திருப்பவருக்கு.

கேத்தி பாலாடாவில் கேட் கிடையாது, வேறு சங்கதிகள் உண்டு. விடிவதற்கு வெகுநேரம் முன்பே தலையில் டார்ச் கட்டிக்கொண்டு கேரட் பிடுங்க ஆரம்பித்துவிடுவார்கள். தழையை அறுத்து, மூட்டை கட்டி, பிக்கப்பில் ஏற்றி, கழுவும் மெஷினுக்கு அனுப்பி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்தோடு சேர்க்க வேண்டும். தோட்டத்துக்கு நடுவே போகும் சிமெண்ட் சாலை ஒரு பிக்கப்பின் அகலம்தான். குறுக்கே கறுப்பு ஹோஸ் பைப் கிடக்கும். ஸ்பிரிங்க்ளர் ஒவ்வொரு சுற்றுக்கும் சாலையில் பாதியை நனைத்துவிட்டுப் போகும். நசுங்கிய கேரட் தழையின் மேல் டயர் பட்டால் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். அந்தச் சாலை ஹட்டி (படகர் ஊர்) மக்களுக்கு வேலை செய்யும் இடம். ஒரு தொழிற்சாலையின் தளம் என்று நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். அங்கே கூட்டமாக நின்று படம் எடுத்தால் ஒரு லோடு தாமதமாகும்.

சைக்கிள் பாதை வேண்டும் என்று திட்டம் போடுபவர்கள் முதலில் போய்ப் பேச வேண்டியது இவர்களிடம்தான். ஒற்றைத் தடத்துக்குக் கெட்டியான பாதை போட்டாலே படிமட்டத் தோட்டத்தில் மழைத்தண்ணீர் ஓடும் திசை மாறும். மேல் தோட்டத்துத் தண்ணீர் கீழ் தோட்டத்து வரப்பை உடைத்தால், பாதை போட்டவர் அன்றைக்கு ஊரில் இருக்க மாட்டார்.

இன்றைக்கே ஓட்ட நினைப்பவருக்கு

தனிப்பாதை இல்லை, இருக்கிற சாலைகளை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். முன்னால் பார்த்த கணக்கிலிருந்து வருவது இவ்வளவு:

1. மேட்டுப்பாளையம் – குன்னூர் மலைச்சாலையைச் சைக்கிளில் ஏறுவது பயிற்சி உள்ளவர்கள் வேலை. பஸ்ஸும் லாரியும் ஓடும் 14 கொண்டை ஊசி வளைவுகள், பர்லியாறு பக்கம் யானை வேறு. குன்னூர் வரை சைக்கிளை வண்டியில் கொண்டுபோய் அங்கிருந்து தொடங்குவதில் அவமானம் ஒன்றும் இல்லை.

2. விவசாய நிலம் பார்க்கத்தான் ஆசை என்றால் நெடுஞ்சாலையைவிடக் கிளைச்சாலை மேல். ஊட்டியிலிருந்து முத்தோரை பாலாடா, இத்தலார் வழியாக எமரால்டு போகும் சாலையில் உருளைக்கிழங்கும் கேரட்டும் முட்டைக்கோஸும் இரண்டு பக்கமும் கூட வரும். இது ரயில்தடம் இல்லை, மாட்டுவண்டிக்கும் பிக்கப்புக்கும் போட்ட சாலை. ஏற்றம் திடீரென்று வரும், சிறிய கியர் இருக்கும் சைக்கிள் வேண்டும்.

3. மின்சார சைக்கிள் ஏற்றத்தைத் தீர்க்கும். 250 வாட், மணிக்கு 25 கி.மீ. வரம்புக்குள் இருந்தால் பதிவு தேவையில்லை. இறக்கத்தில் அதன் கூடுதல் எடை பிரேக்கின் தலையில்தான் விழும்.

4. இறங்கும்போது பிரேக்கை ஒரேயடியாக அழுத்திப் பிடிக்காமல், விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் இடையே நிறுத்தி, டிஸ்க்கைத் தொடாமல் ஆறவிட வேண்டும்.

5. தேயிலைச் செடிகளுக்கு நடுவே காட்டுமாடு நின்றால் மணி அடிக்கக் கூடாது. தூரத்திலேயே நின்றுவிட வேண்டும். அது போக அரைமணி நேரம் ஆனாலும் ஆகும்.

6. காலை ஆறிலிருந்து எட்டு வரை தோட்டச் சாலைகள் பிக்கப்புக்குச் சொந்தம். ஹாரன் கேட்டால் இறங்கி ஓரமாக நில்லுங்கள். சைக்கிளை விதைப்பாத்தியில் சாய்க்க வேண்டாம், ஹோஸ் பைப்பின் மேல் ஏற்ற வேண்டாம்.